அறைக்குள் ஒரு பூச்சாடி, அருகே ஓர் ஓசோன் பிறப்பாக்கி

முற்றமில்லாத மாடி வீடுகள் பெருகிவிட்ட இக்காலத்தில் பூச்சாடிகள் வீட்டுக்குள் குடிவந்துவிட்டன. யன்னலோரத்தில் மணி பிளான்ட், மேசைமேல் அந்தூரியம், குளியலறை வாசலில் கற்றாழை, கொஞ்சம் வசதியிருந்தால் ஓர்க்கிட் என்று பச்சை இல்லாத வீடே இல்லை எனலாம். செடியோடு அதன் வாடையும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஈரமண்ணின் நெடி, அழுகிய வேரின் நாற்றம், இயற்கைப் பசளையின் வீச்சம் இவையெல்லாம் யன்னல் மூடிய அறைக்குள் தங்கிவிடும்.

வாடையை மறைக்க நம் வீடுகளில் சாம்பிராணி புகைப்பதும் அத்தர் தடவுவதும் உண்டு. இப்போது அவற்றின் இடத்தைப் பிடிக்க ஒரு கருவி வந்திருக்கிறது. ஓசோன் பிறப்பாக்கி என்பது அதன் பெயர். மணத்தை மறைப்பதில்லை, அடியோடு அழிக்கிறது, வளியைத் தூய்மையாக்குகிறது, இடிமின்னலுக்குப் பின் வரும் புத்துணர்ச்சியை அறைக்குள் தருகிறது என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். குளிர்நாடுகளில் விளக்கொளியில் அறைக்குள்ளேயே பயிர் வளர்ப்போர் இதனை வாங்கிச் செடிகளுக்கு நடுவே வைத்துவிடுவதும் நடக்கிறது. அந்த அறையில் செடியும் மூச்சுவிடுகிறது, அதைப் பராமரிக்கிற மனிதரும் மூச்சுவிடுகிறார். ஆகவே இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை இரசாயனத்தையும் தாவரவியலையும் சேர்த்துப் படித்துப் பார்ப்பது நல்லது.

மணத்தால் பெயர் பெற்ற வாயு

நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் உள்ளன. ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு உறுதியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. எதைத் தொட்டாலும் அதன்மேல் பாய்ந்து அதனை ஒட்சியேற்றிவிடத் துடிக்கும். ஓசோனின் பயனும் தீமையும் இந்த ஒரு குணத்திலிருந்தே பிறக்கின்றன.

1785இல் ஒல்லாந்து அறிஞர் மார்ட்டினஸ் வான் மாரும் மின்பொறி பறக்கும் இயந்திரத்தருகே ஒரு தனி நெடியை உணர்ந்தார். அது என்னவென்று அவர் ஆராயவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின், 1839இல், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் நீரை மின்பகுத்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் பிரீட்ரிக் ஷோன்பைன் அதே நெடியை மீண்டும் உணர்ந்து, இது ஒரு தனிப் பொருள் எனக் கண்டார். “மணத்தல்” என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஓசோன் என்று பெயரிட்டார். மணத்தை ஒழிக்க விற்கப்படும் வாயு தன் பெயரையே மணத்திலிருந்து பெற்றிருப்பது வேடிக்கைதான்.

இன்றைய கருவிகளின் மூதாதை 1857இல் ஜேர்மனியில் வேர்னர் வொன் சீமென்ஸ் அமைத்தது. இரு மின்வாய்களுக்கு இடையே கண்ணாடி போன்ற காவலி ஒன்றை வைத்து உயர் அழுத்தம் கொடுத்தால், இடைவெளியில் ஊதா ஒளியுடன் மெல்லிய மின்னிறக்கம் நிகழும். அதனூடே செல்லும் ஒட்சிசன் மூலக்கூறுகள் சில பிளந்து, தனி அணுக்கள் பிற மூலக்கூறுகளோடு சேர்ந்து ஓசோனாகும். வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் இந்த வகையே. சிலவற்றில் மின்னிறக்கத்துக்குப் பதில் கழியூதா விளக்கு இருக்கும்.

நம் நாட்டைப் போன்ற ஈரப்பதன் மிகுந்த இடங்களுக்கென்று இங்கே ஒரு குறிப்புச் சொல்லவேண்டும். மின்னிறக்கக் கருவி நன்றாக வேலை செய்ய உலர்ந்த வளி தேவை. ஈரவளியில் அதன் ஓசோன் விளைவு குறைகிறது. அத்துடன் வளியிலுள்ள நைதரசனும் ஒட்சியேறி நைதரசன் ஒட்சைட்டுகளும் நைத்திரிக்கமிலமும் சிறிதளவு உண்டாகின்றன. செடிகள் நிறைந்த அறையோ சாதாரண அறையைவிட ஈரமானது.

நீரைச் சுத்திகரிப்பதில் ஓசோனுக்கு நல்ல பெயருண்டு. பிரான்சின் நீஸ் நகரில் 1906 முதல் குடிநீர் ஓசோனால் தூய்மையாக்கப்பட்டது. விற்பனையாளர்கள் இதைத் தவறாமல் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் நீரில் நடக்கும் இரசாயனம் வேறு, வளியில் நடக்கும் இரசாயனம் வேறு. குழாய்க்குள் ஓடும் நீருக்கு நுரையீரலுமில்லை, இலையுமில்லை.

நல்ல மணம் முதலில் போகும்

ஓசோன் எல்லாப் பொருளையும் ஒரே வேகத்தில் தாக்குவதில்லை. காபன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகளை அது விரைந்து உடைக்கும். தேசிக்காய்த் தோலையும் தோடம்பழத் தோலையும் கிள்ளும்போது மணக்கும் லிமோனீன் அப்படிப்பட்டது. பூக்களிலும் மூலிகை இலைகளிலும் உள்ள பல நறுமணப் பொருள்களும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

மாறாக, அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் ஐதரசன் சல்பைட்டை எடுத்துக்கொள்வோம். நீர் தேங்கிய பூச்சாடியில் பிறக்கும் முக்கிய நாற்றம் இதுதான். வளியில் இது ஓசோனோடு மிக மிக மெதுவாகவே தாக்கமடைகிறது. உலக சுகாதார நிறுவனம் ஓசோனுக்கு வகுத்துள்ள வழிகாட்டி எல்லை, எட்டு மணித்தியாலச் சராசரியாக ஒரு கனமீற்றர் வளியில் 100 மைக்ரோகிராம். அந்தச் செறிவில் ஓசோனை அறையில் வைத்திருந்தால் லிமோனீனில் பெரும்பகுதி ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் அழிந்துவிடும். ஐதரசன் சல்பைட்டு அவ்வாறு அழிய ஓராண்டுக்கும் மேல் செல்லும். தாக்கவேக மாறிலிகளைப் பயன்படுத்தி உயர்தர மாணவியர் தாமே கணித்துப் பார்க்கக்கூடிய கணக்கு இது. மல்லிகையும் தேசியும் மணப்பதை நிறுத்திக்கொள்ளும். நாற்றம் அப்படியே நிற்கும்!

அழிந்த லிமோனீனும் ஒன்றுமில்லாமல் போய்விடுவதில்லை. அதன் துண்டுகளிலிருந்து போமல்டிகைட்டு போன்ற எரிச்சலூட்டும் பொருள்களும், கண்ணுக்குத் தெரியாத நுண்துணிக்கைகளும் உண்டாகின்றன. போமல்டிகைட்டோடு ஓசோன் தாக்கமடைவது இன்னும் மெதுவானது. ஆகவே அது அறையில் சேர்ந்துகொண்டே போகும். எலுமிச்சை மணமுள்ள திரவத்தால் தரையைத் துடைத்துவிட்டு ஓசோன் கருவியையும் போட்டுவிடுகிற வீட்டில், தூய்மைக்காகச் செய்த இரண்டு காரியங்களும் சேர்ந்து வளியைக் கெடுக்கின்றன.

அப்படியானால் கருவியைப் போட்டதும் நாற்றம் குறைந்தது போல் தோன்றுவது ஏன்? ஓசோனின் சொந்த நெடி கூர்மையானது. பத்துக் கோடிப் பங்கு வளியில் ஓரிரு பங்கு இருந்தாலே பலரது மூக்கு அதை உணரும். அந்த நெடி மற்றதை அமுக்கிவிடுகிறது. சிறிது நேரத்தில் மூக்கும் பழகிவிடும். போட்டோகொப்பி இயந்திரம் இடைவிடாமல் ஓடும் கடைக்குள் நுழையும்போது ஒரு நெடி அடிக்கிறதல்லவா? அதில் ஓசோனுக்கும் பங்குண்டு. உள்ளேயே நிற்பவருக்கு அது தெரிவதில்லை.

ஒரு சிறு கணக்கு

சந்தையில் கிடைக்கும் கருவிகளில் மணிக்கு 500 மில்லிகிராம் ஓசோன் தருவது சிறிய ரகம். பல கிராம் தருபவையும் உண்டு. 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமுள்ள அறையொன்றில் இந்தச் சிறிய ரகத்தை வைக்கிறோம் என்று கொள்வோம். அறையின் கனவளவு 36 கனமீற்றர்.

உண்டாகும் ஓசோன் முழுவதும் அறையில் தங்குவதில்லை. ஒரு பகுதி கதவிடுக்கு வழியே வெளியேறும். பெரும்பகுதி சுவர், திரைச்சீலை, கம்பளம், நம் தோல், தலைமயிர், செடியின் இலை இவற்றில் பட்டு அழியும். இரண்டையும் சேர்த்து, மணிக்கு அறையின் கனவளவைப் போல் மூன்றரை மடங்கு வளியிலிருந்து ஓசோன் நீங்குகிறது என்று வைத்துக்கொள்வது நியாயமான எடுகோள். அதாவது மணிக்கு 126 கனமீற்றர். கருவி தரும் 500ஐ 126ஆல் வகுத்தால் கனமீற்றருக்கு ஏறத்தாழ 4 மில்லிகிராம் வரும். வழிகாட்டி எல்லையோ 0.1 மில்லிகிராம். நாற்பது மடங்கு!

எல்லைக்குள் நிற்கவேண்டுமானால் அதே அறைக்கு மணிக்கு 12 அல்லது 13 மில்லிகிராமுக்கு மேல் ஓசோன் விடக்கூடாது. அந்த அளவு நாற்றத்தை ஒன்றும் செய்யாது என்பதை மேலே கண்டோம். நாற்றத்தைத் தாக்கும் அளவுக்கு ஏற்றினால் மனிதர் இருக்கமுடியாது. மனிதர் இருக்கும் அளவுக்கு இறக்கினால் நாற்றம் போகாது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் பொதுமக்களுக்குச் சொல்லிவருவதும் ஏறக்குறைய இதுவே. கலிபோர்னியா மாநிலம் ஒரு படி மேலே போய், பத்து இலட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் ஓசோனை வெளியிடும் வீட்டு வளிச் சுத்திகரிப்புக் கருவிகளின் விற்பனையைத் தடைசெய்துள்ளது.

நுரையீரலில் ஓசோன் செய்வதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. தொண்டைக் கரகரப்பு, இருமல், நெஞ்சிறுக்கம், சுவாசக் குழாய்களில் அழற்சி. தொய்வு உள்ள பிள்ளைக்கு அது ஒரு தாக்குதலையே கிளப்பிவிடலாம். உடல் நிறையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் கூடுதலான வளியை உள்ளிழுக்கிறார்கள் என்பதைத் தாய்மார் நினைவில் வைக்கவேண்டும்.

இலை சொன்ன சாட்சி

ஓசோன் செடிக்குத் தீங்கு என்பதை உலகம் ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்கவில்லை. தோட்டத்தில் கண்டுபிடித்தது. 1940களில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் சூழத் தொடங்கியபோது, சுற்றியிருந்த மரக்கறித் தோட்டங்களில் இலைகள் வெளிறியும் வெண்கல நிறமாகியும் கருகின. பூச்சியுமில்லை, நோய்க்கிருமியுமில்லை. அக்காலத்தில் கலிபோர்னியாவின் தொழினுட்ப நிறுவனத்தில் அன்னாசிப்பழத்தின் மணப்பொருள்களைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன் ஸ்மித் என்ற உயிரிரசாயனவியலாளர், அதே முறையால் நகர வளியையும் ஒடுக்கிப் பார்த்தார். வாகனப் புகையிலும் எரிபொருள் ஆவியிலும் உள்ள ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமடைந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை அவர் காட்டினார். பழத்தின் மணத்தில் தொடங்கிய வேலை ஒரு நகரத்தின் நோயைக் கண்டுபிடித்தது.

அவர் ஓசோனை அளக்கப் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று வளைத்துக் கட்டிய இறப்பர்த் துண்டு. ஓசோன் பட்டால் இழுபட்ட இறப்பரில் வெடிப்புகள் தோன்றும். எவ்வளவு விரைவில் வெடிக்கிறதோ அவ்வளவு ஓசோன். இயற்கை இறப்பரும் தேசிக்காய்த் தோலின் லிமோனீனும் ஐசோபிரீன் என்ற ஒரே அலகை அடுக்கிக் கட்டப்பட்டவை. இரண்டிலும் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. களுத்துறையிலும் கேகாலையிலும் பால் வெட்டும் மரத்தை அறிந்த நமக்கு இது அந்நியமான செய்தியல்ல. ஓசோன் கருவி வைத்த அறையில் இறப்பர் வளையங்களும் மின்கம்பி உறைகளும் சீக்கிரம் விறைத்து வெடிப்பதன் காரணமும் இதுதான்.

1958இல் கலிபோர்னியாவின் முந்திரிகைக் கொடிகளில் கண்ட கரும்புள்ளிகளுக்கு ஓசோனே காரணம் என நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் புகையிலை இலைகளைப் பாழாக்கிவந்த வெண்புள்ளி நோயும் ஓசோனால் வந்ததே என்று தெரிந்தது. விவசாயிகள் அதுவரை காலநிலையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தனர். மிக எளிதில் பாதிப்படையும் ஒரு புகையிலை வகையை ஆய்வாளர் வேண்டுமென்றே பல இடங்களில் நட்டு, அதன் இலைப் புள்ளிகளைக் கொண்டு வளியின் ஓசோனை மதிப்பிட்டனர்.

இலைக்குள் நடப்பது இதுதான். ஒளித்தொகுப்புக்கு வேண்டிய காபனீரொட்சைட்டை எடுக்க இலைவாய் திறக்கிறது. திறந்த வாசலால் ஓசோனும் நுழைகிறது. உள்ளே கலங்களின் சுவர் எப்போதும் நனைந்திருக்கும். அந்த ஈரத்தில் கரைந்ததும் ஓசோன் வேறு பல தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வடிவங்களாக மாறி, முதலுருமென்சவ்வின் கொழுப்பையும் புரதத்தையும் ஒட்சியேற்றுகிறது. செடி சும்மா இருப்பதில்லை. கலச்சுவரில் உள்ள விற்றமின் சி முன்னே நின்று ஓசோனைத் தன்மேல் ஏற்று அழிகிறது. அது தீர்ந்துபோகும் வேகத்தில் ஓசோன் வந்துகொண்டிருந்தால் கலம் சாகிறது. காவற்கலங்கள் இலைவாயை மூடிக்கொள்வதும் உண்டு. மூடினால் ஓசோன் நிற்கும்; காபனீரொட்சைட்டும் நின்றுவிடும். வெளியே புள்ளி தெரியாமலே வளர்ச்சி குன்றுவதற்கு இது ஒரு காரணம்.

அடையாளம் காண்பது கடினமல்ல. முதிர்ந்த இலைகளில் முதலில் தோன்றும். இலையின் மேற்பக்கத்தில், நரம்புகளை விட்டுவிட்டு, அவற்றுக்கிடையே ஊசிமுனை போன்ற வெளிர் அல்லது கபில நிறப் புள்ளிகள் விழும். பின்னர் அவை இணைந்து வெண்கல நிறமாகும். இலை காலத்துக்கு முன்பே மஞ்சளித்து உதிரும். ஓர் இலையை மற்றோர் இலை மறைத்திருந்தால் மறைந்த பகுதி தப்பியிருப்பதையும் காணலாம். வெயிலில் கருகிய இலையில் விளிம்பும் நுனியும் காயும். சிற்றுண்ணி தாக்கிய இலையின் அடியில் நூல்வலை இருக்கும். இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவரை இனங்கள், பசளி, உருளைக்கிழங்கு, பெற்றூனியா போன்றவை எளிதில் பாதிப்படையும். தடித்த இலைச் செடிகள் அதிகம் தாங்கும்.

விளக்கை அணைத்த பின், இரவில் இயக்கினால் செடிக்கு ஆபத்தில்லை என்று சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. பெரும்பாலான செடிகள் இருளில் இலைவாயை மூடுகின்றன என்பது உண்மையே. ஆனால் நாம் வீட்டுக்குள் விரும்பி வளர்க்கும் கற்றாழையும், பாம்புக் கற்றாழையும், ஓர்க்கிட்டுகளில் பலவும் அதற்கு நேர்மாறு. வறட்சியைத் தாங்கப் பழகிய அவை நீரைச் சேமிப்பதற்காகப் பகலில் மூடி இரவில்தான் இலைவாயைத் திறக்கின்றன. அந்தச் செடிக்கு இரவே பகல். மேலும் அந்த அறையில் நாம் உறங்குவதும் இரவில்தானே!

ஆளும் செடியும் இல்லாத இடத்தில் ஓசோனைப் பயன்படுத்துவது வேறு விடயம். தீப்பிடித்த கட்டடங்களில் புகைநாற்றம் போக்க, எல்லாரையும் வெளியேற்றிவிட்டு உயர் செறிவில் சில வேளைகளில் விடுகிறார்கள். பெரிய பயிர்க்கூடங்களில் அறைக்குள் விடாமல், வெளியேறும் வளிக்குழாய்க்குள் மட்டும் ஓசோனைக் கலப்பதும் உண்டு. இவை பயிற்சி பெற்றோர் அளவுகருவியோடு செய்யும் வேலைகள். படுக்கையறைக் கருவிக்கு இவற்றை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

வளியில் உள்ள நாற்றத்தை எவ்வளவுதான் அழித்தாலும், பூச்சாடிக்குள் அது பிறந்துகொண்டே இருக்கும். ஓசோனோ மண்ணின் மேற்பரப்பைத் தொட்டவுடனே அழிந்துவிடும். ஒரு விரலாழம் கூட இறங்காது.

மண்துணிக்கைகளுக்கு இடையே உள்ள வெளிகளில் பாதி நீரும் பாதி வளியும் இருந்தால் வேர் சுகமாக மூச்சுவிடும். நாளுக்கு இருமுறை நீர் ஊற்றினால் வளிக்கு இடமில்லை. ஒட்சிசன் தீர்ந்ததும், அது இல்லாமல் வாழும் பற்றீரியாக்கள் பெருகி, மண்ணிலுள்ள சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாக மாற்றுகின்றன. வேர் மென்மையாகிக் கபிலமாகி அழுகுகிறது. அந்த நாற்றம் செடி அனுப்பும் செய்தி. அதைக் கருவியால் அடக்குவது, பிள்ளை அழும்போது காரணம் பார்க்காமல் வானொலியைச் சத்தமாக வைப்பது போன்றது.

மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் மணம் இதுவன்று. அது ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணங்கிகள் அதை ஆக்குகின்றன. இலட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு உணர்ந்துகொள்ளும். பூச்சாடியில் அந்த மணம் இருந்தால் மண் நலமாக இருக்கிறது என்று மகிழலாம்.

நம் வீடுகளுக்கே உரிய காரணங்களும் சில உண்டு. மீன் கழுவிய தண்ணீரை ரோசாச் செடிக்கு ஊற்றினால் நன்றாகப் பூக்கும் என்பது பாட்டிமார் காலத்து நம்பிக்கை. முற்றத்துச் செடிக்கு அது பொருந்தலாம். மூடிய அறையில் அதே தண்ணீர் இரண்டாம் நாளே குடலைப் புரட்டும். தேயிலைச் சக்கையைச் சாடியின் மேலே குவித்தால் பங்கசு படரும். சக்கையை வெளியே உக்கவைத்துப் பின் மண்ணோடு கலப்பதே முறை.

ஆகவே முதலில் சாடியின் அடியில் துளை இருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடித்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டவேண்டும். நாற்றத்துக்காக மட்டுமல்ல, டெங்கு நுளம்புக்காகவும். விரலை மண்ணுள் விட்டு, மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் ஊற்றவேண்டும். நாற்றம் முற்றிவிட்ட செடியைச் சாடியிலிருந்து எடுத்து, அழுகிய வேரை வெட்டி, மணலும் தும்புத்தூளும் கலந்த புதுமண்ணில் நடவேண்டும். யன்னலை நாளுக்குச் சில மணித்தியாலமாவது திறந்துவைத்தல் இவை எல்லாவற்றிலும் மலிவானது.

செடியே வளியைச் சுத்தமாக்கிவிடும் என்ற பேச்சும் உண்டு. 1989இல் நாசா நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்விலிருந்து அது பரவியது. சிறிய மூடிய பெட்டிக்குள் செய்யப்பட்ட பரிசோதனை அது. பின்வந்த ஆய்வாளர் அதை வீட்டுக்குப் பொருத்திக் கணக்கிட்டபோது, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் தரையின் ஒவ்வொரு சதுரமீற்றருக்கும் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று கண்டனர். நமக்கு நடக்க இடமிருக்காது. செடியை அதன் அழகுக்காக வளர்ப்போம்.

சிரட்டையின் கதை

இவ்வளவும் செய்த பின்னும் மணம் மிஞ்சினால், அதை உடைக்காமல் பிடித்து வைக்கும் வழி ஒன்று உண்டு. அதில் நம் நாட்டுக்குப் பெருமைக்குரிய பங்கும் உண்டு. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, அக்கரியை 800 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்கி, கொதிநீராவியைச் செலுத்தினால் அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கும். இதுவே ஏவப்பட்ட காபன். இதன் ஒரு கிராமிலுள்ள உள்மேற்பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுரமீற்றர். சிறியதொரு காற்பந்துக் களத்துக்குப் போதும்! மரக்கரியை விடச் சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை. அதனால் வாயு மூலக்கூறுகளைப் பிடிக்க அது சிறந்தது. இலங்கை இதனைப் பல ஆண்டுகளாக உலகச் சந்தைக்கு ஏற்றுமதி செய்துவருகிறது. நாம் கறிக்குத் துருவிவிட்டு எறிகிற சிரட்டை, எங்கோ ஒரு நாட்டின் வளிவடியில் இருந்து வேலை செய்கிறது.

மணமூலக்கூறு துளைக்குள் சென்று சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இதைப் புறத்துறிஞ்சல் என்போம். புதிய விளைபொருள் எதுவும் அறைக்குள் வருவதில்லை. அறையில் ஓசோன் இருந்தால் அதையும் இக்காபன் அழித்துவிடும். ஆனால் மந்திரமாக எண்ணிவிடக்கூடாது. மூலையில் ஒரு பையில் தொங்கவிட்டால் பயன் சொற்பமே. மின்விசிறி வைத்து வளியை அதனூடே செலுத்தவேண்டும். அமோனியாவை அது நன்கு பிடிக்காது. கோழிப்பசளை வாடைக்கு உதவாது. ஈரவளியில் நீர்மூலக்கூறுகளும் துளைகளில் இடம்பிடிக்கும். துளைகள் நிறைந்ததும் மாற்றவேண்டும். உடுப்பு மினுக்கும் பெட்டியில் போடும் சாதாரணச் சிரட்டைக் கரி இதற்கு ஈடாகாது. நீராவி திறந்த துளைகள் அதில் இல்லை.

வீட்டில் ஏற்கெனவே வாங்கிய வளிச் சுத்திகரிப்புக் கருவி ஓசோனை வெளியிடுகிறதா என்று அறிய விரும்பும் மாணவியருக்கு ஷோன்பைனே ஒரு வழி காட்டிச் சென்றிருக்கிறார். ஒரு கரண்டி சோளமாவை நீரில் காய்ச்சி, அதில் ஆய்வுகூடத்துப் பொற்றாசியம் அயடைட்டைச் சிறிதளவு கரைத்து, வடிதாளில் தடவி, இருளில் உலர்த்திக்கொள்ளவேண்டும். ஆசிரியையின் முன்னிலையில் செய்வது நல்லது. அத்தாளைச் சொட்டு நீரால் நனைத்துக் கருவியின் வாயருகே தொங்கவிட்டு, இன்னொன்றைக் கருவியில்லாத அறையில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடவேண்டும். ஓசோன் அயடைட்டை ஒட்சியேற்றி அயடீனை விடுவிக்கும்; அயடீன் மாப்பொருளோடு சேர்ந்து நீல ஊதா நிறம் காட்டும். நைதரசன் ஒட்சைட்டுகளும் இந்நிறத்தைத் தரக்கூடும். அறையின் ஈரப்பதனுக்கேற்ப நிறத்தின் அழுத்தமும் மாறும். ஆகவே இத்தாள் அளவைச் சொல்லாது. ஒரு மணித்தியாலம் கழித்து, கருவியை நிறுத்தி யன்னலைத் திறந்துவிட்டு, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கருவியருகே தொங்கிய தாள் மட்டும் நீலமாகியிருந்தால் அந்த அறையிலுள்ள செடிகளின் முதிர்ந்த இலைகளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.